அச்சமும் அழகும்: வேளார் சுடுமண் சிற்பங்கள் – ஒரு விளக்கம்

முன்னுரை

பிதுங்கிய விழிகள், வெளியே நீண்ட கோரைப் பற்கள், முறுக்கிய மீசை ஆகியவற்றோடு நிற்கும் சுடுமண் உருவங்களை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஐயனார் கோயில்களில் காணலாம். முதன்முறை காண்போருக்கு இவை வியப்பையும் ஒருவகை அச்சத்தையும் தருகின்றன. இத்தோற்றம் தனிக்கலைஞரின் விசித்திரக் கற்பனையன்று; சடங்கு வழிப்பட்ட மரபின் விளைவாகும். அம்மரபையும் அதன் இன்றைய நிலையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபும் மண்ணும்

குயவரைத் தமிழ்ச் சமூகம் தொன்றுதொட்டே போற்றி வந்துள்ளது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் குயவரை விளித்துப் பாடப்பட்டவை. வேளார் மரபினர் பலர் மட்பாண்டம் வனைவதோடு கோயில் பூசாரிகளாகவும் விளங்குகின்றனர். இவ்விரு பணிகளின் இணைப்பைக் கனடிய ஆய்வாளர் ஸ்டீவன் இங்கிலிஸ் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

புரவி எடுப்பு விழாவிற்கு நாள் குறித்ததும் ஊரார் வேளாரிடம் 'பிடிமண்' வழங்குவர். அது களிமண்ணோடு கலக்கப்படுவதால், உருவாகும் குதிரை அவ்வூரின் மண்ணாகவே கருதப்படுகின்றது. களிமண்ணில் மணலும் உமியும் சேர்ப்பர். சுடும்பொழுது உமி எரிந்து நுண்துளைகளை உண்டாக்குவதால் வெடிப்பு குறைகின்றது. முதலில் கால்களையும் அவற்றின்மேல் உள்ளீடற்ற உடலையும் எழுப்பி, நிழலில் உலர்த்திய பின்னர், வைக்கோலும் விறகும் அடுக்கி மண்பூசிச் சுடுவர். குழந்தைப்பேறு வேண்டியோர் நேர்த்திக்கடனாக 'மதலை' எனப்படும் குழந்தை உருவங்களையும் செய்விப்பதுண்டு.

கண் திறத்தல்

உருவம் முழுமை பெற்றாலும் கண் தீட்டப்படும்வரை அது வெறும் மண்ணே. வேளார் கண் திறந்த பின்னரே அது வழிபாட்டிற்குரியதாகின்றது. அப்பொழுது அதன் முதற்பார்வை படும்படி எதிரே நிற்பதைத் தவிர்ப்பது வழக்கம். விழிகள் அளவுக்கு மீறிப் பெரிதாக அமைவதற்கான காரணம் இங்குப் புலப்படுகின்றது. ஊரெல்லையைக் காக்கும் தெய்வத்திற்கு உறங்காத பார்வை வேண்டும். அப்பார்வை தீயவற்றை அஞ்சச் செய்தல் வேண்டும். ஆகவே, அச்சுறுத்தும் தோற்றம் ஊராருக்குக் காவலின் அடையாளமே எனலாம்.

அழிவும் புதுப்பித்தலும்

வழிபாடு முடிந்த குதிரைகள் வெயிலிலும் மழையிலும் சிதைய விடப்படுகின்றன, அவற்றைப் பழுதுபார்ப்பதில்லை. அடுத்த விழாவிற்குப் புதியவை செய்யப்படும். இச்சுழற்சியே தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழிற்றிறன் கைமாறுவதற்கு வாய்ப்பளித்தது. அண்மைக் காலத்தில் பல ஊர்களில் நிலைத்து நிற்கும் சிமெண்டுச் சிலைகள் மண்ணுருவங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. சிலை நிலைக்கின்றது, ஆனால் மீண்டும் செய்ய வேண்டிய தேவை மறைவதால் கலை நிலைகுலைகின்றது.

புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும், ஊர்க் குதிரைகளைச் செய்வோர் தம் பெயரை அவற்றில் பொறிப்பதில்லை. அவர்களுக்கு விருதினும் இன்றியமையாதது, அடுத்த விழாவிற்கு ஊரார் தரும் பிடிமண்ணே.

முடிவுரை

மலேசியத் தோட்டப்புறங்களில் மரத்தடிக் கல்லாகவும் சூலமாகவும் வழிபடப்பட்ட முனீஸ்வரர் பின்னர்ப் பல இடங்களில் சிமெண்டு உருவம் பெற்றதை நாம் அறிவோம். எனவே, இம்மாற்றம் நமக்கும் அயலானதன்று. மாணவர்க்கு நாட்டுப்புறக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சிற்பத்தின் வடிவத்தோடு அது சிதைந்து மீண்டும் பிறக்கும் முறையையும் விளக்குதல் வேண்டும். அருங்காட்சியகம் ஒரு குதிரையைக் காக்க இயலும்; குதிரை செய்யும் கையை ஊரே காக்க வேண்டும்.