மூச்சும் இரத்தமும் நடத்தும் பண்டமாற்று

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் கற்பாதையில், நடுவழியில் பாறைமேல் அமர்ந்து மூச்சு வாங்குவோரை நாம் காண்கிறோம். மலைமேல் காற்று மெலிந்துவிட்டது என்று அவர்களிற் சிலர் கூறுவதுண்டு. அது பொருந்தாது. அருணாசலத்தின் உச்சியே 2,668 அடிதான். அங்கும் கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. கந்தாசிரமமோ அதற்கு வெகு கீழே உள்ளது. இளைப்புக்குக் காரணம் நம் கால் தசைகளே. ஏறும்பொழுது அவை பன்மடங்கு பிராணவாயுவைக் கேட்கின்றன. கரியமில வாயுவையும் அதற்கேற்பக் கழிக்கின்றன.

இக்கொடுக்கல் வாங்கல் நடைபெறும் சந்தை நுரையீரல். அதனுள் சுமார் 30 கோடி நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. அவற்றைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பாகும். நம் தறியில் நெய்யும் சேலைகள் பதினொன்றை அருகருகே விரித்தாற்போலக் கொள்ளலாம். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வோ தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கும் இராது. எந்த நெசவாளரும் இத்தனை மெல்லிய துணி நெய்ததில்லை.

உள்ளே இழுக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு; வெளிவிடும் காற்றில் சுமார் 16. குறைந்தது இரத்தத்திற் சேர்ந்தது. செவ்வணுக்களில் இரும்புச் சத்துள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே அதைச் சுமக்கிறது. இதன் ஒரு மூலக்கூறு நான்கு பிராணவாயு மூலக்கூறுகளை ஏற்றும். அதன் அமைப்பை மாக்ஸ் பெரூட்ஸ் ஆராய்ந்து கண்டு, 1962இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

விளைபொருளை ஏற்றிச் சென்ற சங்கத்து லாரி வெறுமனே திரும்பாமல் உர மூட்டைகளுடன் வருவதுண்டு. இரத்தமும் அவ்வாறே செய்கிறது. உழைக்கும் தசையில் வெப்பமும் அமிலமும் கரியமில வாயுவும் மிகுந்திருக்கும். அவ்விடத்தில் ஹீமோகுளோபின் தன் சுமையை எளிதில் இறக்கிவிடும். இறக்கிய பின் கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பகுதி பைகார்பனேட் என்னும் உப்பு வடிவில் இரத்தத்திற் கரைந்து நுரையீரலை அடைகிறது. எவ்விடத்தில் எதை இறக்குவது என்று யாரும் ஓலை எழுதி அனுப்புவதில்லை!

இரும்புச் சத்துக் குறைந்து சோகை பிடித்தவர் நான்கு படி ஏறினாலே இளைப்பதன் காரணமும் இதனால் விளங்கும். காற்றுக்குக் குறைவில்லை, லாரிகள் குறைவு.

நம் அங்கத்தினர்கள் உயிரோடு சம்பந்தப்பட்டதாகக் கருத வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கரி அடுப்பு. பட்டுப்புழு அறையைச் சூடாக்கவோ மார்கழிக் குளிருக்கோ கதவடைத்த அறையில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். உறங்குபவர் விழிப்பதற்குள் மயங்கிவிடுவார். ஆதலால் பலகணியைத் திறந்து வையுங்கள். கரி தணியும்வரை அங்கே உறங்க வேண்டாம்.

மற்றொன்று பாழுங்கிணறு. தூர் வாருவதற்கு இறங்குவோர் அடியில் மயங்கி விழுவதும், காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாள்வதும் நாட்டில் பலமுறை நடந்துள்ளன. கரியமில வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு கனமானது, அடியில் தங்கிவிடும். அழுகும் இலை தழைகள் அங்குள்ள பிராணவாயுவையும் தின்றுவிடும். பிராணவாயு மிகக் குறைந்த காற்றை இரண்டொரு முறை இழுத்த அளவிலேயே நினைவு தப்பலாம். மூச்சு முட்டும் என்று எதிர்பார்த்திருத்தல் கூடாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் போதாது. சாக்கடை வாயு இருந்தால் தீப்பிடிக்கும்; விஷவாயுவைச் சுடர் காட்டித் தராது. காற்றுப் போக்கும் கருவி கொண்டு நெடுநேரம் காற்றைச் செலுத்திய பின்னரே இறங்குக. அரையில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் மற்றொருவர் இறங்காமல் கயிற்றால் இழுத்து, தீயணைப்பு நிலையத்திற்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும்.