வளையமும் மரமும்: ஆளிகளை இணைக்கும் முறை பற்றிய ஒரு விளக்கம்

2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையத்தின் கணினி வலையமைப்பு நிலைகுலைந்தது. ஏறத்தாழ நான்கு நாட்கள் அங்கு வைத்தியர்கள் மருந்துக் கட்டளைகளைத் தாளிலே எழுதிக் கையாள நேர்ந்தது. ஆளிகளிடையே நிலவவேண்டிய மரவொழுங்கு சிதைந்தமையே காரணமாயிற்று. அவ்வொழுங்கு யாதென்பதை இங்கு நோக்குவோம்.

இரண்டு ஆளிகளை ஒரே வடத்தால் இணைப்பின், வடம் அறுந்தவுடன் தொடர்பும் அறும். எனவே மாற்று வடமொன்றையும் இடுவது பொறியியலாளர் வழக்கம். அங்குதான் இடர் தோன்றுகின்றது. சேருமிடம் அறியப்படாத சட்டகத்தையும் அனைவர்க்குமான அறிவிப்புச் சட்டகத்தையும் ஆளியானது, வந்த வாயில் தவிர்ந்த எல்லா வாயில்களினூடாகவும் அனுப்பும். இரு வடங்கள் வளையமாக அமையின் அச்சட்டகம் ஓயாது சுற்றும். இணைய நெறிமுறைப் பொதியில் ஒவ்வொரு தாவலிலும் குறைந்து செல்லும் ஆயுளெண் உண்டு. ஈதர்நெற் சட்டகத்தில் அத்தகையதொன்று இல்லை. சில செக்கன்களிலேயே வடங்கள் பயனற்ற சட்டகங்களால் நிரம்பிவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனத்திற் பணியாற்றிய றேடியா பேள்மன் அம்மையார். 1985இல் அவர் வெளியிட்ட முறை 1990இல் 802.1டி என்னும் நியமமாயிற்று. வரைபுக் கொள்கை பயின்றோர்க்கு எண்ணக்கரு புதிதன்று: எல்லாக் கணுக்களையும் தொட்டு, வளையம் எதனையும் கொள்ளாத உபவரைபே அளாவு மரம். புதுமை யாதெனில், முழுப் படத்தையும் அறிந்த தலைமை எதுவுமின்றி ஆளிகள் தாமே சிறு செய்திகளைப் பரிமாறி அம்மரத்தைத் தெரிகின்றன. மிகச் சிறிய அடையாள எண்ணுடைய ஆளி வேராகின்றது; ஏனையவை வேரை நோக்கிய செலவு குறைந்த பாதையைக் கொள்ள, வளையத்தை உண்டாக்கும் மிகுதி வாயில்கள் தடுக்கப்படுகின்றன.

அடையாள எண்ணின் முற்பகுதி முன்னுரிமை. பிற்பகுதி தயாரிப்பின்போதே பொறிக்கப்பட்ட 48 பிற் முகவரி. முன்னுரிமை எல்லா ஆளிகளிலும் இயல்பான 32768 ஆகவே விடப்படின் முகவரியே தீர்மானிக்கும். ஒரே தயாரிப்பாளரின் பழைய ஆளிகளின் முகவரிகள் பெரும்பாலும் சிறியன. ஆகவே மூலையிற் கிடக்கும் மிகப் பழைய ஆளி வேராகிவிடுதல் கூடும். இதனைத் தற்செயலுக்கு விடுதல் தகாதென்பது எமது கருத்து. நடுவிலுள்ள வலிமைமிக்க ஆளிக்கு 4096 என்றும், அதற்குத் துணையானதற்கு 8192 என்றும் இடுதல் போதும். மேலும், நியமத்தின் இயல்பான நேர அளவுகள் இரு அந்தங்களுக்கிடையே ஏழு ஆளிகளுக்கு மேற்படாத வலையமைப்பை எண்ணியே வகுக்கப்பட்டவை. பொஸ்டனில் வலையமைப்பு சிறிது சிறிதாக வளர்ந்து அவ்வெல்லையைக் கடந்திருந்தது.

மெய்நிகர் வலையமைப்புகள் வேறொரு தேவைக்குரியன. ஒரே ஆளியிற் கணக்குப் பிரிவையும் ஆய்வுகூடத்தையும் வெவ்வேறாகப் பிரிக்க, 1998இன் 802.1கியூ நியமம் சட்டகத்தில் நான்கு பைற் நீளமான சிட்டையொன்றைச் செருகுகின்றது. அதில் 12 பிற்கள் வலையமைப்பின் எண்ணைக் குறிப்பன; இரு அந்தப் பெறுமானங்கள் ஒதுக்கப்படுவதால் 4094 வலையமைப்புகள் இயலும்.

இவ்விரு முறைகளும் சந்திக்குமிடத்திலேயே மிகுந்த கவனம் வேண்டும். எல்லா மெய்நிகர் வலையமைப்புகளுக்கும் பொதுவான ஒரே மரம் இருக்க, அவற்றுளொன்றை ஒரு வடத்தில் மட்டும் அனுமதித்தோமெனக் கொள்வோம். மரம் அவ்வடத்தையே தடுக்குமாயின், வடம் பழுதின்றி இருந்தும் அவ்வலையமைப்பு துண்டிக்கப்படும். வடத்தைச் சோதிப்பவர் குறையெதனையும் காணார். ஆதலால் ஆளிகளுக்கிடையிலான வடங்கள் அனைத்திலும் ஒரே தொகுதியை அனுமதித்தல் வேண்டும். அதன்பின் 802.1எஸ் நியமத்தின்படி தொகுதிக்கொரு மரம் அமைத்து வேர்களை வேறாக்கின், ஒரு தொகுதிக்கு ஒரு வடமும் மற்றையதற்கு மற்றைய வடமும் பயன்படும். வாளாவிருக்கும் வடம் இராது.