48 மணி நேரத்துக்குப் பிறகு

கோவில்பட்டி வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து ஒருவர் விழுந்து கிடந்தால், சுற்றி நிற்பவர்களில் யாராவது சோடாவோ தண்ணீரோ வாங்க ஓடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். கழுத்தை அசைக்காமல், 108க்குப் போன் போட்டுவிட்டுக் கூடவே இருங்கள். அது போதும்.

‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தபிறகு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு. எத்தனையோ உயிர்களைப் பிடித்து நிறுத்தும் திட்டம் இது.

அந்த நேரத்தில் டாக்டருக்குக் கண்ணாக இருப்பவர் நர்ஸ். தலையில் அடிபட்டவர் கண் திறக்கிறாரா, கேட்டதற்குப் பதில் வருகிறதா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார். 1974இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த முறை இது. காலையில் 14 இருந்தவர் மதியம் 11க்கு இறங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஸ்கேன்.

பிழைத்தவர் ஒருநாள் மூக்கில் குழாயோடு வீடு வந்து சேர்கிறார். இனி நர்ஸ் யார்? தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி, இல்லையென்றால் வயதான அம்மா. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண். தலைப்பக்கத்தை உயர்த்தாமல் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கைகால் மடங்கி இறுகிவிடாமல் தினமும் நீட்டி மடக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. இத்தனைக்கும் நடுவே அவளுடைய கூலி நின்றுபோயிருக்கும்.

எழுந்து நடமாடத் தொடங்கியவரிடமும் பழைய ஆள் இருப்பதில்லை. சாதுவாக இருந்தவர் தட்டைத் தூக்கி எறிகிறார். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் கோபத்தை அடக்கும் திறன் குறையும். காத்துக்கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இதுவும் அடியின் தொடர்ச்சிதான் என்று அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குழாயில் கஞ்சி ஊற்றுவதையும் புரட்டிப் போடுவதையும் வார்டிலேயே அந்தப் பெண்ணைச் செய்யச்சொல்லி, சரியாக வந்தபிறகே டிஸ்சார்ஜ் சீட்டு எழுத வேண்டும். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தால், கழுகுமலைக்காரரும் விளாத்திகுளத்துக்காரரும் குழாய் மாற்றவும் சந்தேகம் கேட்கவும் திருநெல்வேலி வரை வண்டி பிடிக்க வேண்டியிருக்காது.