மலைக்குள் விதைத்த தண்ணீர்

ஸ்பெயினின் தெற்கே, சியெர்ரா நெவாடா மலைச்சரிவில் பெர்ச்சூலெஸ் என்றொரு விவசாயக் கிராமம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், தட்டையான மண் கூரைகள், படிப்படியாக இறங்கும் கழனிகள், செஸ்ட்நட் மரங்கள். சந்துகளில் ஆள் நடமாட்டம் குறைவு. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் ஓய்வதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே மழை கிடையாது என்றே சொல்லலாம். சுமார் 3,480 மீட்டர் உயர்ந்து நிற்கும் முலாசென் சிகரத்தின் பனியும் அதற்குள் அநேகமாக உருகித் தீர்ந்திருக்கும். ஆனாலும் ஊற்றுகள் சுரக்கின்றன. கழனிகளில் தக்காளியும் அவரையும் செழிக்கின்றன.

அந்த நீர் மலைக்குள்ளிருந்து வருகிறது. இம்மலையில் பெரும்பகுதி சிஸ்ட் என்னும் அடுக்குப்பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் பட்டால் அபிரகம் மினுங்கும். சிதைந்த துண்டானால் விரலால் அழுத்தினாலே ஓரம் தகடு தகடாக உதிரும். வீட்டுக்கு அஸ்திவாரம் போட யாரும் யோசிப்பார்கள். ஆனால் அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள்தான் பனிநீர் இறங்குகிறது. விரிசல் இல்லாத பாறையாக இருந்தால் உருகிய பனி வசந்தத்திலேயே ஆற்றோடு போய்க் கடலில் சேர்ந்துவிடும். வெறும் மணலாக இருந்தால் நில்லாமல் வடிந்துவிடும். தண்ணீரை உள்ளே வாங்கி, அவசரப்படாமல் வெளியே விடும் கல்லை இறைவன் இந்தச் சரிவுக்கென்றே அளந்து வைத்தானோ என்று கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தக் கல்லின் குணம் அறிந்து நடந்தவர்கள் இடைக்காலத்து முஸ்லிம் உழவர்கள். உயரத்தில் ஓடைகளை மறித்து, சரிவின் குறுக்கே மண் வாய்க்கால் வெட்டி, பனிநீரை அது எளிதாக உள்ளிறங்கும் இடங்களுக்கு நடத்திப்போய் விட்டார்கள். மண்ணில் மறைந்த நீர் வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் கழித்து, கீழே ஊற்றாகக் கிளம்பும். பயிர் வாடும் கோடைதான் அது வெளிவரும் காலம்! இதை ‘தண்ணீர் விதைப்பு’ என்றே அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்த உழவர்களின் சந்ததியார் 1568-இல் கிளர்ந்தெழுந்து, பின் வெளியேற்றப்பட்டார்கள். வந்து குடியேறியவர்களோ வாய்க்கால்களை விட்டுவிடவில்லை. இன்றும் அசெகியேரோ எனப்படும் வாய்க்கால் காவலர் மண்வெட்டியோடு மலையேறுகிறார். எந்த இடத்தில் கல்லையும் புல்கட்டியையும் வைத்து அடைப்பது, எங்கே எடுத்துவிடுவது என்பது அவருக்கு மனப்பாடம். மனிதன் செய்வது அவ்வளவுதான். தேக்கி வைப்பதும் உரிய காலத்தில் கொடுப்பதும் மலையின் வேலை.

இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். பராமரிப்பின்றிப் பல வாய்க்கால்கள் தூர்ந்தன. கீழே ஊற்றுகளும் வற்றின. கசிவை வீணென்று எண்ணிச் சில வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசினார்கள், குழாய் பதித்தார்கள். பெரும் தவறு அது. வழியெங்கும் கசிந்த நீரால்தான் அந்தச் சரிவின் புல்லும் மரமும் பிழைத்தன.

2014 முதல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தன்னார்வலர்களோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, தூர்ந்த வாய்க்கால்களை மண்வெட்டியால் தோண்டி மீட்டு வருகிறார்கள். மீட்ட வாய்க்கால்களில் பனிநீர் மறுபடி ஓடுகிறது.