ஆண்கள் கை தூக்கியபோதும் தூக்காதபோதும்

வரி போடுவதென்றாலும் சட்டம் திருத்துவதென்றாலும் சுவிட்சர்லாந்தில் மக்களைக் கேட்பார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971-இல். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இலங்கையில் பெண்களுக்கு 1931-லேயே அது கிடைத்துவிட்டது.

தடையாக இருந்தது அந்த மக்களாட்சியின் விதிதான். அரசியலமைப்பைத் திருத்த வாக்காளர்களில் பெரும்பான்மையும், கான்டன் எனப்படும் மாநிலங்களில் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். வாக்காளர் அனைவரும் ஆண்கள். சவூதியிலோ பெண்களுக்கு வாக்குரிமை உண்டு என்று மன்னர் 2011-இல் அறிவித்தார். 2015-இல் பெண்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். சோவியத் பெண்களுக்கோ வாக்கு வெகு முன்பே இருந்தது, ஆனால் சீட்டில் ஒரே ஒரு பெயர். சுவிஸ் வாக்கு நிஜமாகவே முடிவெடுக்கும் வாக்கு. அதைப் பங்குபோட ஆண்களுக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1957-இல் பெண்களுக்குக் குடிமைப் பாதுகாப்புப் பணியைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. வேலை பெண்களுக்கு, முடிவு மட்டும் ஆண்களுக்கா? வாலே மாநிலத்தின் உன்டர்பெஹ் என்ற மலைக்கிராமத்து ஊராட்சி மன்றம் துணிந்து பெண்களையும் வாக்களிக்க அழைத்தது. ஊர்த்தலைவரின் மனைவி கத்தரீனா சென்ஹாய்சர்ன் முதல் சீட்டைப் போட்டார். மொத்தம் 33 பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கென்று தனிப்பெட்டி வைத்தார்கள். அந்த வாக்குகள் கணக்கில் ஏறவில்லை. என்றாலும் அந்தப் பெட்டியை நாடே பார்த்தது.

1959-இல் பெண்களின் வாக்குரிமை வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘வேண்டாம்’ என்றார்கள். பெண் வாக்குரிமைக்கு விலக்குக் கேட்டு ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அரசு முயன்றது; கொதித்துப்போன பெண்கள் 1969 மார்ச்சில் பெர்ன் நகரில் திரண்டார்கள். 1971 பிப்ரவரி 7-இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய அதே மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் ‘சரி’ என்றார்கள்.

மாநில விவகாரங்களில் மட்டும் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் அசையவில்லை. அங்கே ஆண்டுக்கொரு முறை திறந்தவெளியில் கூடிக் கை தூக்கி முடிவெடுப்பார்கள். ஆண்களின் இடுப்பில் வாள் தொங்கும், அப்போது அதுவே வாக்குரிமைக்கு அடையாளமாக இருந்தது. 1984-இல் எலிசபெத் கோப் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார். அதற்குப் பிறகும், 1990 ஏப்ரலில் கூடிய அந்த ஆண்கள் பெண்களுக்கு இடமில்லை என்றே கை தூக்கினார்கள். தங்களுக்கு உரிமையே இல்லாத சபையிடம் பெண்கள் இன்னும் எத்தனை முறை கேட்பது? வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1981-இல் அரசியலமைப்பில் சேர்ந்த சமத்துவப் பிரிவைக் காட்டி, பெண்களையும் சேர்க்கச் சொல்லி 1990 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 1991 ஏப்ரலில் அந்தத் திறந்தவெளியில் பெண்களும் கை தூக்கினார்கள்.