வடிந்த சதுப்பில் பிறக்கும் வாயு

கிழக்கு இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்னும் ஊருக்கு அருகே ஹோம் ஃபென் என்றோர் இடம் உண்டு. அங்கே பிர்ச் மரங்களின் நடுவே ஓர் இரும்புத் தூண் சுமார் 4 மீட்டர் உயரம் நிற்கிறது. 1851ஆம் ஆண்டில் அதனைப் பூமிக்குள் இறக்கியபோது அதன் உச்சி தரையோடு சமமாக இருந்தது. தூணின் அடி கீழேயுள்ள களிமண்ணில் உறுதியாகப் பதிந்திருக்கிறது. ஆகவே அது மேலே எழும்பவில்லை. தரைதான் கீழே போய்விட்டது. கடல்மட்டத்துக்கும் ஏறக்குறைய 2.75 மீட்டர் கீழே உள்ள இவ்விடமே இன்று பிரிட்டனில் மிகத் தாழ்ந்த நிலம்.

அவ்வளவு மண்ணும் எங்கே போயிற்று? நீர் வற்றியதால் ஒரு பகுதி சுருங்கி அமுங்கியது. மற்றொரு பகுதி வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிட்டது. அதில் பெரும்பங்கு கரியமில வாயு. உடன் சிறிதளவே வெளியேறினாலும் விளைவில் பெரியதான நைட்ரஸ் ஆக்ஸைடைப் பற்றி இங்கே காண்போம். 1799இல் ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து பார்த்த அதே சிரிப்பூட்டும் வாயுதான் இது.

முதலில் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். சதுப்பில் வளரும் நாணலும் கோரையும் மடிந்து நீரில் அமிழ்கின்றன. நீருக்கடியில் பிராணவாயு மிகக் குறைவு. ஆதலால் அவை முற்றிலும் மட்கிப் போகாமல், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் கரும்பழுப்புப் படிவாகச் சேர்கின்றன. இதற்குப் பீட் என்று பெயர். (நமது நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகள் சிலவற்றிலும் பீட் உண்டு.) செடிகளின் கரிப்பொருளோடு, அவற்றின் புரதத்திலிருந்த நைட்ரஜனும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதில் பூட்டிக் கிடக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டு பிரபுவும் வெர்முய்டன் என்ற டச்சுப் பொறியாளரும் இந்தச் சதுப்புகளைக் கால்வாய் வெட்டி வடிக்கத் தொடங்கினர். நீர் வடிந்ததும் தரை தாழ்ந்தது. தாழ்ந்த வயலிலிருந்து நீர் தானாகக் கால்வாய்க்குப் போகவில்லை. காற்றாலைகள் வந்தன, பின்னர் நீராவி எந்திரங்கள் வந்தன. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்ட அப்போல்டு என்பாரின் மையவிலக்குப் பம்பைக் கொண்டு, ஹோம் ஃபென் அருகிலிருந்த விட்டில்சி ஏரியையே வற்றடித்தனர். இறைக்க இறைக்கத் தரை தாழ்ந்தது. தாழத் தாழ இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டியதாயிற்று. இன்றும் பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓடாமலும் முடியாது: இங்கிலாந்தின் முதல்தர விளைநிலத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஃபென் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே உருளைக்கிழங்கும் வெங்காயமும் செலரியும் செழித்து விளைகின்றன.

இரண்டுங்கெட்டான் மண்

நீர் வடிந்ததும் மண்ணின் துளைகளில் காற்று புகுகிறது. நுண்ணுயிர்கள் பீட்டைச் சிதைக்க, அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியமாக வெளிப்படுகிறது. காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக்குகின்றன. பிறகு ஒரு மழை பெய்து துளைகள் அடைபட்டால், வேறுவகைப் பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது. காற்றிலிருந்து கிடைக்காத ஆக்ஸிஜனை அவை நைட்ரேட்டிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. படிப்படியாகப் பிடுங்கி, நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற படியைத் தாண்டி, முடிவில் தூய நைட்ரஜன் வாயுவை விடுகின்றன. நைட்ரஜனால் தீங்கில்லை.

கடைசிப் படியில்தான் சிக்கல். அதனை நடத்தும் நொதி தாமிரம் கொண்டது, மிகவும் நொய்ம்மையானது. சிறிது ஆக்ஸிஜன் இருந்தாலும், மண்ணில் அமிலம் மிகுந்தாலும் முடங்கிவிடுகிறது. வேலை பாதியில் நின்று, நைட்ரஸ் ஆக்ஸைடு அப்படியே வெளியேறுகிறது. எனவே நன்கு காய்ந்த மண்ணில் இவ்வாயு குறைவு. முழுவதும் மூழ்கிய மண்ணிலும் குறைவு. துளைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரும் கால் பங்கு காற்றுமாக இருக்கும் இரண்டுங்கெட்டான் நிலையிலேயே மிகுதி. ஃபென் வயலில் மேலே உலர்ந்த மண், அடியில் ஈரமண்; இடையிலுள்ள இந்த அடுக்கு மழைக்கேற்ப ஏறி இறங்குகிறது.

எவ்வளவு வெளியேறுகிறது? பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2013இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, மிதவெப்ப நாடுகளில் நீர் வடித்துப் பயிரிடும் பீட் நிலம் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 13 கிலோ நைட்ரஜனை இவ்வடிவில் இழக்கிறது. வாயுவின் எடையாகச் சொன்னால் 20 கிலோ. அற்பம் என்று தோன்றலாம். ஆனால் சாதாரண மண்ணில் 100 கிலோ நைட்ரஜனை உரமாக இட்டால் அதில் ஏறக்குறைய 1 கிலோதான் இப்படிப் போகும். 13 கிலோ போகவேண்டுமானால் 1,300 கிலோ நைட்ரஜன் இட வேண்டும். யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டைகள் 63! எந்த உழவரும் ஒரு ஹெக்டேரில் அவ்வளவு கொட்டமாட்டார். பீட் நிலமோ உரம் ஒரு பிடியும் இடாமலே தன் பழைய சேமிப்பிலிருந்து இதைத் தருகிறது. அதே ஹெக்டேரில் சிதையும் கரி ஆண்டுக்கு 7.9 டன். கரி 20 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு என்று கொண்டால், சுமார் 400 கிலோ நைட்ரஜன் விடுபடுகிறது. அதில் 3 சதவீதமே இந்த 13 கிலோ.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். காற்றில் முக்கால் பங்குக்கு மேலுள்ள நைட்ரஜன் பூமியின் வெப்பத்தைத் தடுப்பதில்லை. அதன் மூலக்கூறில் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். அது அதிர்ந்தாலும் மின் சமநிலை குலைவதில்லை. நைட்ரஸ் ஆக்ஸைடில் இரண்டு நைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் ஒரே கோட்டில், ஆக்ஸிஜன் ஓர் ஓரத்தில் நிற்கின்றன. அது அதிரும்போது மின் சமநிலை ஊசலாடுகிறது, ஏறக்குறைய 7.8 மைக்ரான் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை வலுவாக உறிஞ்சுகிறது. அத்துடன் நூறாண்டுக்கு மேல் வளிமண்டலத்தில் தங்குகிறது. எனவே 100 ஆண்டுக் கணக்கில் இதன் 1 கிலோ, 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம் 20 கிலோ ஐந்தரை டன்னாகிறது. கரி சிதைவதால் வரும் 29 டன் கரியமில வாயுவோடு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்கிறது என்று பொருள். போதாக்குறைக்கு அடுக்குவளிமண்டலத்துக்கு ஏறி ஓசோனையும் அழிக்கிறது.

இதை அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மண்மீது ஒரு பெட்டியைக் கவிழ்த்து, சேரும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி ஆராய்கிறார்கள். வாயு சீராக வருவதில்லை; ஒரு மழைக்குப் பின்னோ, உறைந்த மண் இளகும்போதோ திடீரென்று பொங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறவர் அந்தப் பொங்கலை எளிதில் தவறவிடுவார்.

பம்பை நிறுத்திவிட்டால் ஆயிற்று என்று சொல்வது எளிது. கரியமில வாயு, மீத்தேன் இரண்டையும் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, நிலத்தடி நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தினால் ஹெக்டேருக்கு ஆண்டில் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் குறையும். தரைக்குக் கீழே 30 செ.மீ. வரும்வரை இக்கணக்குப் பொருந்தும். ஆனால் உரமிட்ட வயலில் நீரை அரைகுறையாக ஏற்றி இறக்கினால் இரண்டுங்கெட்டான் அடுக்குத்தான் தடிக்கும். நீர் முழுவதும் மீண்ட பீட் நிலத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை என்கிறது 2013ஆம் ஆண்டு நெறிமுறை. அத்தகைய ஈரத்தில் செலரியும் உருளைக்கிழங்கும் வளரா. ஹோம் ஃபென் சுற்றுப்புறத்தில் சம்பங்கோரையையும் ஸ்ஃபாக்னம் பாசியையும் பயிராக வளர்த்துச் சோதித்திருக்கிறார்கள். கோரை கட்டிடங்களுக்கு வெப்பக்காப்புப் பொருளாகும். பாசி நாற்றங்கால் மண்ணுக்கு உதவும். ஓர் ஏக்கர் செலரி தரும் பணத்தை ஓர் ஏக்கர் கோரையும் தந்தாலன்றி ஃபென் உழவர் பம்பின் விசையை அணைக்கப்போவதில்லை.