பாஸ்கர்வில் நாயின் வாயில் ஒளிர்ந்தது என்ன?

ஆர்தர் கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நாய் பாய்ந்து வரும் காட்சி அல்ல. அது சுடப்பட்டு விழுந்த பிறகு வருவது. டார்ட்மூர் வெளியில் செத்துக் கிடக்கும் அந்த நாயின் முகத்தில் டாக்டர் வாட்சன் கை வைக்கிறார். கையை எடுத்தால் அவர் விரல்களும் இருட்டில் ஒளிர்கின்றன. தலைமுறைகளாக ஒரு குடும்பத்தை நடுங்கவைத்த சாபம், விரலில் ஒட்டிக்கொள்ளும் வெறும் பூச்சாகிவிடுகிறது. பாஸ்பரஸ் என்கிறார் வாட்சன்.

மர்மம் அவிழ்ந்ததும் கதையின் திகில் வடிந்துவிடுகிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கோ அங்கேதான் திகில் தொடங்குகிறது.

வெண் பாஸ்பரஸிலிருந்து எழும் ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது, வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாகிறது. தீ இல்லாத, வெளிறிய பச்சை வெளிச்சம். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட், பொன் தேடிச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோது இந்தப் பொருள் அவருக்குக் கிடைத்தது. நம் எலும்பிலும் பல்லிலும் சேர்மமாக இருக்கும் அதே தனிமம்தான்.

ஆனால் தனியாகப் பிரித்தெடுத்தால் மூர்க்கமானது. சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். நாயின் உடல் வெப்பமோ 38 டிகிரிக்கு மேல். அப்படியே பூசியிருந்தால் அதன் முகம் வெந்திருக்கும். நக்கியிருந்தால் நஞ்சேறிச் செத்திருக்கும்.

இந்தக் கதை ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வரத் தொடங்கிய 1901-இல், தீக்குச்சிக்கு வெண் பாஸ்பரஸ் பயன்படுத்துவது இங்கிலாந்தில் இன்னும் தடை செய்யப்படவில்லை. அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல்வலியில் தொடங்கி, ஈறு வீங்கி, தாடை எலும்பே அழுகியது. 1888-இல் கிழக்கு லண்டனின் பிரையன்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோயும் ஊரறிந்த பேச்சானது. 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகே நாடுகள் பல தீக்குச்சியில் வெண் பாஸ்பரஸை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இன்று தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் இருப்பது சாதுவான சிவப்பு பாஸ்பரஸ். அந்தப் பெண்களின் தாடையைத் தின்ற பொருளையே டாயில் ஒரு நாயின் தாடையில் ஒளிரவிட்டார். அவர் மருத்துவர், அறியாமல் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு சிக்கலையும் அவர் கவனித்திருக்கிறார். வெண் பாஸ்பரஸுக்குப் பூண்டு போன்ற நெடி உண்டு. கதையில் நாயோ, திருடிவந்த பழைய பூட்ஸின் வாசனையைப் பிடித்துத்தான் ஆளைத் துரத்துகிறது. மூக்கருகே நெடி இருந்தால் மோப்பம் கெட்டுவிடும். அதனால்தான் துப்பறிவாளர் ஹோம்ஸ் செத்த நாயை மோந்து பார்த்து, இது மணமே இல்லாத தந்திரமான கலவை என்கிறார். அதன் செய்முறையை மட்டும் டாயில் கடைசிவரை சொல்லவே இல்லை.